சின்ன வண்டி என்றால் இளக்காரமா?

"அந்த வண்டில நான் போக மாட்டனுங்மா. மில்லுல எல்லாருஞ் சிரிப்பாங்க."

சென்ற ஆடி மாதம் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் எங்கள் மூத்தவன் இப்படிச் சொன்னதும், ரசம் ஊற்றிக் கொண்டிருந்த என் கை அப்படியே நின்று விட்டது. அவனுக்குக் காங்கயத்தில் ஒரு மில்லில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருந்தது. முதல் வேலை. சம்பளம் 16,000 ரூபாய். தாராபுரத்திலிருந்து போக வர 60 கிலோமீட்டருக்குக் குறையாது. "பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காதே சாமி, அப்பா வண்டிய எடுத்துட்டுப் போ" என்று நான்தான் சொன்னேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

அப்பா வண்டி என்பது எக்ஸ்.எல். மொபெட். அவன் கேட்டதோ 200 சி.சி. பைக். ரோட்டுக்கு வரும்போது இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகுமாம். தவணையில் வாங்கலாமாம்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக் கொண்டு எழுந்து, வாசலில் நின்றிருந்த அந்த வண்டியின் சீட்டைத் துண்டால் துடைத்து விட்டு, கட்டிலில் போய்ப் படுத்து விட்டார். விடிந்தால் அதே வண்டியில்தான் பால் கேனைக் கட்டிக் கொண்டு சொசைட்டிக்குப் போக வேண்டும். மகனின் பாலிடெக்னிக் பீஸ், மகளின் காது குத்து, அத்தையின் கண் ஆபரேஷன் எல்லாம் அந்த வண்டியில் போன பாலில் வந்ததுதான்.

என் கோபமெல்லாம் மகன் மேல்தான் வந்தது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோது, இந்த இளக்காரம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னையே சுட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த 'சி.சி.' விவகாரத்தை நம்மைப் போன்ற பெண்கள் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும். வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு வந்தால் "எனக்கு என்ன தெரியும், நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லி விட்டு அடுப்படிக்குப் போய் விடுகிறோம். அப்புறம் தவணை கட்ட முடியாமல் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுப்பதும் நாம்தான்!

சி.சி. என்றால் என்ன?

சி.சி. என்பது கன சென்டிமீட்டர். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது அல்லவா? அது ஒரு தரம் மேலிருந்து கீழே வரும்போது உண்டாகும் இடத்தின் அளவுதான் சி.சி. ஒரு சி.சி. என்பது நாம் மருந்துப் பாட்டிலில் பார்க்கும் ஒரு மில்லிக்குச் சமம். 50 சி.சி. என்றால் நம் வீட்டு 200 மில்லி தம்ளரில் கால் தம்ளர். எக்ஸ்.எல். 100 வண்டியில் 99.7 சி.சி.; அரை தம்ளர். புல்லட் ஏறக்குறைய 350 சி.சி.; ஒன்றே முக்கால் தம்ளர். அவ்வளவுதான் சங்கதி.

தம்ளர் பெரிதானால் காற்றும் பெட்ரோலும் அதிகமாக உள்ளே போகும், சக்தி கூடும். வண்டியின் எடையும் கூடவே ஏறும். எக்ஸ்.எல். சுமார் 90 கிலோ; இரண்டு மூட்டை சிமென்ட்டுக்கும் குறைவு. புல்லட் 190 கிலோவுக்கு மேல். நாலு மூட்டைக்குப் பக்கம். விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்தும்போதுதான் இந்த வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும்.

சின்ன எஞ்சின் எப்படிப் பெரிய சுமையை இழுக்கிறது என்று பல பேருக்கு ஆச்சரியம். மொபெட்டுக்கு வேகம் வேண்டியதில்லை என்று முதலிலேயே தீர்மானித்து, மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைக்கும்படி பல்சக்கரங்களை அமைத்து விடுகிறார்கள். வேகத்தை விட்டுக் கொடுத்தால் பாரம் லேசாகும். அதனால்தான் அரை தம்ளர் எஞ்சின் மூலனூர் முருங்கைக்காய் மூட்டையையும், கன்னிவாடிச் சந்தையில் வாங்கிய ஆட்டுக்குட்டியையும், காஸ் சிலிண்டரையும் சளைக்காமல் கொண்டு வந்து சேர்க்கிறது.

அந்தக் காலத்துப் பெருமை

இந்த ஏற்றத் தாழ்வு இன்று நேற்று வந்ததல்ல. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் இங்கிலாந்து என்ஃபீல்டு கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் புல்லட் தயாரிப்பில் இறங்கியது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் புல்லட் வைத்திருந்தால் அவர் பெரிய பண்ணையக்காரர் அல்லது போலீஸ் அதிகாரி. 'டப் டப்' என்ற சத்தம் ஊர் எல்லையில் கேட்கும்போதே திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து கொள்வார்கள் என்று என் அப்புச்சி சொல்வார். அவருக்குச் சைக்கிள்தான். தலையெடுத்தால் புல்லட் வாங்க வேண்டும் என்று கடைசி வரைக்கும் சொல்லிக் கொண்டிருந்தார்.

சாமானிய மனிதரின் வீட்டு வாசலுக்கு எஞ்சினைக் கொண்டு வந்தது சின்ன வண்டிதான். திருப்பதியில் தயாரான சுவேகா வந்தது. 1972-ல் புனேயிலிருந்து லூனா வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் உட்கார்ந்து போகக் கூடிய முதல் இந்திய மொபெட் அதுதான். அதற்குப் பெடலும் உண்டு. மோட்டாரும் பெடலும் சேர்ந்ததால்தான் 'மொபெட்' என்றே பெயர். பெட்ரோல் தீர்ந்தால் சைக்கிள் மாதிரி மிதித்தே வீடு வந்து சேரலாம். தாராபுரம், மூலனூர், குண்டடம் பக்கமெல்லாம் வாத்தியார், தபால்காரர், தறிக்காரர், பால்காரர் என்று எல்லோரும் ஏறிய முதல் எஞ்சின் வண்டி அதுதான். முதல் வண்டி வந்த அன்று மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்து, ஊரே கூடி நின்று பார்த்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை!

1980-களின் நடுவில் ஜப்பான் கம்பெனிகளின் கூட்டில் 100 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது, யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. இரண்டும் 100 சி.சி.க்கும் உட்பட்டவையே. முன்னது பெட்ரோலை மிச்சப்படுத்திக் குடும்பஸ்தர்களுக்குப் பிடித்துப் போயிற்று. பின்னது சீறிக் கொண்டு ஓடி இளவட்டங்களுக்குப் பிடித்துப் போயிற்று. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-ல் நின்று போன பிறகும், இன்றைக்கும் பையன்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அப்படியானால் வண்டிக்கு மதிப்பு சி.சி.யில் மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஏணிக்கு முடிவே இல்லை

மகனின் சிநேகிதர்கள் வீட்டுக்கு வரும்போது காப்பி கொடுக்கிற சாக்கில் அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டேன். 100 சி.சி. வைத்திருப்பவன் மொபெட்டை 'பால்கார வண்டி' என்கிறான். 150 வைத்திருப்பவன் 100-ஐ 'டப்பா' என்கிறான். 200 வைத்திருப்பவனுக்கு 150 பொம்மை. 350 வைத்திருப்பவன் இவர்கள் யாரையும் திரும்பியே பார்ப்பதில்லை. அவனையும் கேலி செய்ய 650 சி.சி.க்காரன் ஒருவன் இருக்கிறானாம். வெளிநாடுகளில் 1000 சி.சி.க்கு மேலும் போகிறார்களே, அவர்களுக்கு நம் ஊர்ப் பெரிய வண்டியே விளையாட்டுச் சாமான்தான்! பட்டுப் புடவையில் ஜரிகை அகலம் பார்க்கிற நம்முடைய புத்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்?

இத்தனைக்கும் உலகத்திலேயே மிக அதிகமாக விற்ற எஞ்சின் வண்டி எது தெரியுமா? 1958-ல் ஜப்பானில் வந்த ஹோண்டா சூப்பர் கப். முதலில் அதில் 49 சி.சி. எஞ்சின்தான். கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாமல் செய்தார்கள். ஓட்டல் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக் கொண்டே ஓட்டலாம். 2017-ல் அந்த வண்டி 10 கோடியைத் தாண்டியது. காரிலும் சரி, பைக்கிலும் சரி, வேறு எதுவும் இந்தக் கணக்கை எட்டவில்லை.

ஐரோப்பாவில் இன்னொரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். அங்கே மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் படிப்படியாகத்தான். முதலில் 125 சி.சி. வரை, அப்புறம் நடுத்தரம், அனுபவமும் வயதும் வந்த பிறகுதான் பெரிய வண்டி. நம் நாட்டில் அப்படி இல்லை. 18 வயது முடிந்து லைசென்ஸ் வாங்கி விட்டால் முதல் நாளே எவ்வளவு பெரிய வண்டியிலும் ஏறலாம். ஆகவே படி வைப்பது வீட்டுப் பெரியவர்கள் பொறுப்பாகி விடுகிறது.

நான் போட்ட கணக்கு

மறுநாள் சத்தம் போடாமல், மளிகைக் கணக்கு எழுதும் நோட்டை எடுத்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கணக்கு எழுதற வேலைக்குத்தான போறே கண்ணு, இந்தக் கணக்க எழுது" என்றேன். அவனே எழுதினான்.

தினம் 60 கிலோமீட்டர். மாதம் 25 நாள். 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடும் சின்ன பைக்குக்கு 25 லிட்டர். லிட்டருக்கு 35 ஓடும் பெரிய பைக்குக்கு 43 லிட்டர். மாதம் 18 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,800; வருஷம் 21,600 ரூபாய். தவணையும் வட்டியும் தனி.

இன்ஷூரன்ஸிலும் சி.சி. உண்டு. அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான கட்டாய இன்ஷூரன்ஸ், 2022-ல் வகுத்த கட்டணப்படி, வருஷத்துக்கு 75 சி.சி.க்கு மேல் 150 வரை 714 ரூபாய். 150-க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். 350-க்கு மேல் 2,804 ரூபாய். வரியும் அப்படியே. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம்.

எழுதி முடித்து விட்டு அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் ஒன்று சொன்னான். "எக்ஸ்.எல்.லுல காங்கயம் ரோட்டுல போனா லாரி பின்னாடியே வந்து ஆரன் அடிக்கிறானுங்மா. தாண்டிப் போவவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. பயமா இருக்குது."

இது எனக்குத் தோன்றவே இல்லை! பையன் ஆடம்பரத்துக்குக் கேட்கிறான் என்றே நினைத்தேன். ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மொபெட் ஊருக்குள்ளும் தோட்டத்துக்கும் ஏற்றது. கனரக வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலையில் தினம் 60 கிலோமீட்டர் போவதற்கு அது செய்யப்பட்டதல்ல. சின்னது உசத்தி, பெரிசு மட்டம் என்று நாம் பேசினால் அதுவும் இளக்காரம்தான். போகிற வழிக்கும் வேலைக்கும் ஏற்ற வண்டி எது என்பதே கேள்வி.

கடைசியில் 125 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று முடிவாயிற்று. முக்கால் பங்கு கைப்பணம், மீதி ஒரு வருஷத் தவணை. "ரெண்டு வருஷங் கழிச்சு எம் பணத்துல பெரிய வண்டி வாங்குவேன்" என்கிறான். வாங்கட்டுமே! அதற்குள் ரோடு பழகியிருக்கும், கையும் பழகியிருக்கும்.

"சின்ன வண்டிதானே" என்ற இன்னொரு தப்பு

இளக்காரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு சகோதரிகளே. அது நம்மிடமே இருக்கிறது. "சின்ன வண்டிதானே, என்ன ஆகப் போகுது?" என்பதுதான் அது.

ஒன்பதாவது படிக்கும் பையனிடம் மொபெட் சாவியைக் கொடுத்து, "போய் அரை லிட்டர் தயிர் வாங்கிட்டு வா" என்று அனுப்பாத தெரு எங்கே இருக்கிறது? 16 வயதில் ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தில் அது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான்; அதற்கும் லைசென்ஸ் வேண்டும். இன்றைய எக்ஸ்.எல். 99.7 சி.சி. ஆகவே அதற்கு 18 வயதும் லைசென்ஸும் கட்டாயம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அரை லிட்டர் தயிருக்கு இத்தனை விலையா?

2022-ல் இந்தியாவில் ரோடு விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். தார் ரோட்டுக்கு நம் வண்டி எத்தனை சி.சி. என்று தெரியாது. தலைக்கவசம் போட்டால் உயிர் போகும் ஆபத்து நூற்றுக்கு 42 பங்கும், தலையில் அடிபடும் ஆபத்து நூற்றுக்கு 69 பங்கும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கடைவீதி வரைக்கும் போனாலும் தலைக்கவசம் வேண்டும். பின்னால் உட்காரும் நமக்கும்தான்.

இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை சில:

குழந்தையை மொபெட்டின் முன்பக்க மேடையில் நிற்க வைக்காதீர்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் முதலில் ஹேண்டிலில் மோதுவது அதன் முகம்தான்.

நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இரு சக்கர வண்டியில் கூட்டிப் போனால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தைக்கேற்ற தலைக்கவசமும் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் இது விதி. நாலு வயதுக்கு மேல் எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக் கொண்டு உட்காருங்கள். பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் தடுப்பும், பிடித்துக் கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க மிதியும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். "அழகு போயிடும்" என்று பிள்ளைகள் அதைக் கழற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பால் கேன், மூட்டை எதுவானாலும் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கட்டும். ஹேண்டிலில் கனமான பையை மாட்டினால் வண்டி திருப்பும்போது தடுமாறும்.

நமக்குக் கிடைத்த சிறகு

இன்னொன்றையும் நன்றியோடு சொல்ல வேண்டும். பெண்களைத் தனியாகப் பிரயாணம் செய்ய வைத்தது இந்தச் சின்ன எஞ்சின்தான். 1990-களில் ஸ்கூட்டி வந்த பிறகு டீச்சரம்மாவும் நர்ஸம்மாவும் யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்குப் போனார்கள். 2018-ல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா இரு சக்கர வாகனத் திட்டம் கொண்டு வந்தபோது, வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் மானியம் தந்தது. அதிலும் 125 சி.சி.க்குள்தான் வண்டி. எங்கள் தெருவிலேயே அப்படி வண்டி வாங்கி, திருப்பூர் பஸ் பிடிக்க இருட்டோடு கிளம்பிய பெண்களை எனக்குத் தெரியும்.

இப்போது நான் தள்ளி வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

மூத்தவனுக்கு அப்போது ஆறு வயதிருக்கும். உடுமலையில் என் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். நாங்கள் மூவரும் மொபெட்டில்தான் போனோம். மண்டபத்து வாசலில் வரிசையாகக் கார்களும் புல்லட்டுகளும் நின்றன. எனக்கு என்னவோ போல இருந்தது. "ஏனுங்க, வண்டிய அந்த வேப்ப மரத்தடியிலயே நிறுத்திடுங்க. நடந்து போயிக்கலாம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நிறுத்தினார். கொளுத்தும் வெயிலில் பட்டுப் புடவையோடு நடந்தோம். "ஏம்மா நடக்கறோம்?" என்று குழந்தை கேட்டான். "அந்த வண்டியப் பாத்தா எல்லாருஞ் சிரிப்பாங்க சாமி" என்று நான்தான் சொன்னேன்.

பதினைந்து வருஷம் கழித்து அதே வார்த்தை என் சோற்றுத் தட்டுக்கு முன்னால் திரும்பி வந்தது. பிள்ளைகள் நாம் சொல்லிக் கொடுப்பதைக் கேட்கிறார்களோ இல்லையோ, நாம் வெட்கப்படுவதை மட்டும் ஒழுங்காகக் கற்றுக் கொள்கிறார்கள்.

இதை ஒரு நாள் அவரிடமே சொல்லி வருத்தப்பட்டேன். "அதெல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியா?" என்று சிரித்து விட்டு, பால் கேனை எடுத்துக் கொண்டு போய் விட்டார். அவருக்கும் மறக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

தை பிறந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். 44 வயதில் எல்.எல்.ஆர். வாங்கி, அமராவதி ஆற்றங்கரைப் பக்கம் விடியற்காலையில் அந்த எக்ஸ்.எல்.லையே ஓட்டிப் பழகினேன். பின்னால் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை லீவில் இருந்த மூத்தவன்தான்! "மெதுவா முறுக்குங்மா. இது சின்ன வண்டின்னு நெனைக்காதீங்க, பொசுக்குன்னு கெளம்பிரும்" என்றான்.

போன மாதம் மாமியார் வழியில் ஒரு கல்யாணம். பாதித் தூரம் நான் ஓட்டினேன், பாதித் தூரம் அவர் ஓட்டினார். வண்டியை மண்டபத்து வாசலில், புல்லட்டுக்கும் காருக்கும் நடுவிலேயே நிறுத்தினோம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. தலையில் ஹெல்மெட் இருந்ததே!